ஒற்றைக் கட்டைப் பாய்த்தோணி: கட்டை காற்றுப் பக்கமா, எதிர்ப்பக்கமா?

தருவைக்காரன் (ஞாயிறு, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். படகு கட்டுவது பொழுதுபோக்கு, அதுவும் பொம்மைப் படகுதான்.

போன ஜனவரியில் நீர்கொழும்புக் கரையில் 'ஒருவ' என்று சிங்களத்தில் சொல்லும் பாய்த்தோணியைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓர் ஆள் காலை நுழைப்பதே கஷ்டம், அவ்வளவு ஒடுக்கம். குடைந்த அடிமரம், அதன் மேல் கயிற்றால் தைத்த பலகைச் சுவர். ஒரு பக்கம் மட்டும் இரண்டு வளைந்த கம்புகள் நீண்டு போகின்றன. அவற்றின் நுனியில் ஒரு கட்டை தோணிக்கு இணையாகக் கட்டியிருக்கிறது. காவியேறிய பெரிய சதுரப் பாய். நான் பார்த்த இடத்தில் ஆணி ஒன்றும் இல்லை.

ஊருக்கு வந்ததும் கல்யாண முருங்கைக் கட்டையில் 60 செ.மீ. நீளத்துக்கு ஒன்று செதுக்கினேன். பாய்க்குப் பழைய வேட்டி. மொட்டைமாடியில் பேரன் குளிக்கும் ரப்பர் தொட்டியில் விட்டு, மேசை விசிறியைப் போட்டேன். காற்று தள்ளுகிற பக்கம்தானே தோணி சாயும், அந்தப் பக்கம் மிதவை இருந்தால் முட்டுக் கொடுக்கும் என்று நினைத்து அப்படி வைத்தேன். விசிறி 1-ல் கட்டை பாதி முங்கி, தோணி கட்டையைச் சுற்றியே வட்டம் போட்டது. 2-ல் வைத்ததும் கட்டை மூக்கைக் குத்தி உள்ளே போனது, தோணி கவிழ்ந்தது. பேரன் கைதட்டினான். எங்கே தப்பு?

கொழும்புத்துறையான் (ஞாயிறு, இரவு 11.05)

அண்ணை, மாறி வைச்சிட்டியள். கட்டை எப்பவும் காத்து வாற பக்கம்தான் நிக்க வேணும். போகேக்கையும் வரேக்கையும் அப்படித்தான்.

என்ரை சித்தி நீர்கொழும்பிலை கலியாணம் செய்தவ. சின்ன வயசிலை விடுமுறைக்குப் போனால் விடியக் கரைக்காத்தோடை தோணியள் போறதையும், மத்தியானத்துக்குப் பிறகு கடல்காத்தோடை பாய் விரிச்சு வரிசையா வாறதையும் பாத்துக்கொண்டு நிப்பம். உங்கடை தோணியின்ரை ரண்டு முனையையும் ஒருக்கால் வடிவாப் பாருங்கோ. முன்பக்கம் எது, பின்பக்கம் எது எண்டு சொல்ல ஏலாது, ரண்டும் ஒண்டுதான். போகேக்கை அணியமா இருந்த முனை வரேக்கை பின்பக்கம் ஆயிடும். தோணி திரும்பிறேல்லை, ஓடுற திசைதான் மாறும். அதாலைதான் கட்டை எப்பவும் காத்துப் பக்கம் நிக்கேலும்.

இன்னொண்டு. 19ஆம் நூற்றாண்டிலை இலங்கைக்கு வந்த வெள்ளைக்காரர் எழுதி வைச்ச கதை இது. அங்கத்தைய மீனவர் காத்தின்ரை பலத்தை ஆள் கணக்கிலைதான் சொல்லுவினமாம்: ஓராள் காத்து, ஈராள் காத்து, மூவாள் காத்து. கட்டை தண்ணியை விட்டு எழும்பாமல் இருக்க எத்தினை பேர் அந்தக் கம்பிலை போய் நிக்க வேணுமோ, அதுதான் அண்டைக்குக் காத்து.

திருப்புத்திறன் (திங்கள், காலை 7.15)

மேலே சொன்னது சரி. ஏன் சரி என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அதை மட்டும் சேர்க்கிறேன். இயற்பியல் வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு 100 லிட்டர் கன அளவுள்ள ஒரு கட்டை, எடை 50 கிலோ. தோணியிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. காற்றுப் பக்கம் வைத்தால் அது தண்ணீரை விட்டு எழும்பும்போது கீழ்நோக்கி இழுக்கும் திருப்புத்திறன் (எடை × தூரம்) 50 × 3 = 150. எதிர்ப்பக்கம் வைத்தால் முழுக்க அமுங்கும்போது மேல்நோக்கித் தள்ளுவதும் மிச்ச மிதப்பு 50 கிலோ, மூன்று மீட்டர், அதே 150. கணக்கு ஒன்றுதான்! அப்புறம் ஏன் ஒன்று ஓடுகிறது, ஒன்று கவிழ்கிறது?

முதல் காரணம் இழுவை. எதிர்ப்பக்கக் கட்டை காற்று ஏற ஏறத் தண்ணீருக்குள் போகும், இழுவை கூடும். 3 மீட்டர் தள்ளி ஒரு கை பிடித்து இழுக்கிற மாதிரி தோணி அந்தப் பக்கமே வளையும். உங்கள் தொட்டியில் வட்டம் போட்டது அதனால்தான். காற்றுப் பக்கம் இருந்தால் காற்று ஏற ஏறக் கட்டை எழும்பும், இழுவை குறையும். வேகம் வேண்டிய நேரத்தில் வேகம் கிடைக்கும்.

இரண்டாவது, ஆள். 60 கிலோ ஆள் காற்றுப் பக்கக் கம்பில் 2 மீட்டர் நடந்து போனால் இன்னொரு 120 சேரும், இரண்டு பேர் போனால் 240. எதிர்ப்பக்கக் கட்டையில் ஆள் ஏறினால் அது முங்கத்தான் செய்யும். ஓராள் காற்று, ஈராள் காற்று என்பது கிட்டத்தட்ட ஓர் அளவீட்டு முறையே!

ஒரு வேண்டுகோள். இதை 'மிதவை' என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்தான் தருவைக்காரனைத் தவறான பக்கம் கொண்டுபோனது. ஓடும்போது இதன் வேலை மிதப்பது இல்லை, கனப்பது.

தருவைக்காரன் (திங்கள், காலை 8.02)

அப்போ என்ன பெயர் வைப்பது? 'எதிரெடைக் கட்டை'?

கொழும்புத்துறையான் (திங்கள், காலை 8.30)

சிங்களத்திலை கொல்லாவ எண்டுவினம். எங்கடை ஆக்கள் சும்மா கட்டை எண்டு சொன்னாலே விளங்கும். தலைப்பை மட்டும் மாத்துங்கோ.

(தலைப்பு மாற்றப்பட்டது. தருவைக்காரன்.)

சோழன்வழி (திங்கள், மதியம் 1.20)

இதெல்லாம் நம்ம கட்டுமரம்தான். கட்டுமரம் என்கிற தமிழ்ச் சொல்லைத்தானே உலகமே எடுத்துக்கொண்டது? பசிபிக் தீவுகளுக்கு இதைக் கொண்டுபோனதும் நம் ஆட்கள்தான் என்று பகிர்ந்திருந்தார்கள். யாரும் அதைப் பேசுவதில்லை.

பழுப்பேடு (திங்கள், மாலை 4.45)

சொல் தமிழ், சந்தேகமில்லை. ஆனால் பொருள் வேறு. கட்டுமரத்தில் பக்கக் கட்டை கிடையாது. மூன்றோ நான்கோ மரங்களை அருகருகே வைத்துக் கட்டினால் கட்டுமரம், அலை மேலே ஏறி வழிந்து போய்விடும். நாம் பேசுகிற தோணியின் கதை வேறு.

சுவாரசியம் என்னவென்றால் இரண்டையும் பார்த்து எழுதிய ஓர் ஆள் உண்டு. வில்லியம் டாம்பியர், பாதி மாலுமி பாதி கடற்கொள்ளையர். 1686-ல் பசிபிக்கின் குவாம் தீவில் ஒற்றைக் கட்டைத் தோணிகளைப் பார்த்து, அவர் பார்த்த படகுகளிலேயே வேகமானவை என்று வியந்திருக்கிறார். பிறகு சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தையும் பார்த்து, அந்தச் சொல்லை 1697-ல் அச்சில் ஏற்றினார். இரண்டும் ஒன்று என்று அவர் சொல்லவில்லை. குழப்பம் பின்னால் வந்தது. 1876-ல் அமெரிக்காவில் நாதனயேல் ஹெரஷாஃப் இரண்டு உடல்கள் கொண்ட அமரில்லிஸ் என்ற பாய்ப்படகைக் கட்டி நியூயார்க் போட்டியில் மற்றவர்களைப் பின்தள்ளினார். அந்த வகைக்குக் 'கேட்டமரான்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நம் கட்டுமரத்துக்கும் இன்றைய கேட்டமரானுக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

பசிபிக் தோணிகளைப் பரப்பியது ஆஸ்திரனேசிய மொழிகள் பேசிய மக்கள். மேற்கே மடகாஸ்கர் வரை அவர்கள் போயிருக்கிறார்கள். அங்குள்ள வேசோ மீனவர்கள் இன்றும் ஒற்றைக் கட்டைத் தோணியில் இரண்டு கம்புகள் தாங்கும் சதுரப் பாய் விரிக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் நீர்கொழும்பு என்றே தோன்றும். பெருமைப்பட நம்மிடம் வேறு நிறைய இருக்கிறது, இதை அவர்களுக்கு விட்டுவிடுவோம்.

சோழன்வழி (திங்கள், மாலை 5.10)

சரி. சொல்லாவது நம்முடையதுதானே.

எஞ்சின்ரூம் (செவ்வாய், அதிகாலை 3.30)

காவல் முடித்துவிட்டுப் படித்தேன், தூக்கம் போய்விட்டது.

சில வருடங்களுக்கு முன்னால் மீன் ஏற்றும் கப்பல் ஒன்றில் இருந்தபோது மார்ஷல் தீவுகளின் மஜூரோவில் பல நாள் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். காயலுக்குள் சூரை மீன் கப்பல்கள் வரிசையாக நிற்கும், நடுவே இந்தத் தோணிகள். பள்ளியை விட்ட பையன்களுக்குத் தோணி கட்டக் கற்றுக்கொடுக்கும் பட்டறை ஒன்று கரையில் இருக்கிறது. விடுப்புக் கிடைத்த போதெல்லாம் அங்கேதான் போய் உட்கார்ந்திருந்தேன்.

நீர்கொழும்புப் பாய் சதுரம். அங்கே முக்கோணம். இரண்டு நீளக் கம்புகள் ஒரு நுனியில் சேர்ந்து V மாதிரி விரியும், நடுவில் பாய். மேல் கம்பைப் பாய்மர உச்சியிலிருந்து தொங்கவிட்டிருப்பார்கள். சேரும் நுனி தோணியின் அணியத்தில் ஒரு குழியில் உட்காரும். நண்டுக்கொடுக்குப் பாய் என்று பலர் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். முன்பெல்லாம் தாழையோலை மாதிரி ஓலையில் பெண்கள் பாய் முடைவார்களாம், இப்போது செயற்கைத் துணி.

திசை மாற்றுவதுதான் பார்க்க வேண்டியது. நம் ஊர்ப் பாய்ப்படகு காற்றுக்கு எதிரே போகும்போது அணியத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி, மறுபக்கம் காற்று வாங்கும். இந்தத் தோணியில் அப்படிச் செய்தால் கட்டை எதிர்ப்பக்கம் வந்துவிடும், பேரன் கைதட்ட வேண்டியதுதான். அதனால் முனையையே மாற்றுகிறார்கள். முதலில் தாமான் கயிற்றை, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தளர்த்துவார்கள், பாய் காற்றை விட்டுப் படபடக்கும், தோணி நிற்கும். ஒருவன் அந்தக் கம்பு நுனியைக் குழியிலிருந்து தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, தோணியின் ஓரமாகவே மறுமுனைக்கு நடப்பான். அவன் நடக்க நடக்கப் பாய்மரம் இந்தப் பக்கச் சாய்விலிருந்து அந்தப் பக்கச் சாய்வுக்குப் போகும். மறுமுனைக் குழியில் நுனியை இறக்குவான். துடுப்புக்காரன் இதற்குள் எதிர்முனைக்கு ஓடியிருப்பான். தாமானை இழுத்தால் தோணி வந்த வழியே முன்னேறும். பழகிய கைக்கு ஒரு நிமிடம் போதும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தேன்!

அடிமரம்கூட இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. கட்டை இருக்கும் பக்கம் வயிறு மாதிரி வளைவு, எதிர்ப்பக்கம் கிட்டத்தட்டத் தட்டை. கட்டையின் இழுவை தோணியைக் காற்றுப் பக்கம் திருப்பப் பார்க்கும், இந்தக் கோணல் அதைச் சரிக்கட்டும். டாம்பியரும் இதைக் கவனித்திருக்கிறார். 1742-ல் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி பசிபிக்கின் தினியன் தீவில் ஒன்றைப் பிடித்து, அவருடைய அதிகாரி அளவெடுத்து வரைந்த படமும் இருக்கிறது. கோணலான படகு நேராக ஓடும் என்று ஐரோப்பியத் தச்சன் யாரும் அதற்கு முன் யோசித்திருக்க மாட்டான். இது என் சொந்தக் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

திருப்புத்திறன் (செவ்வாய், காலை 7.00)

அருமை. பாயைப் பற்றி ஒரு வரி. மார்சாய் என்ற ஆய்வாளர் காற்றுச் சுரங்கத்தில் இந்த நண்டுக்கொடுக்கு வடிவத்தைச் சோதித்தார். காற்று பக்கவாட்டிலிருந்து வரும் ஓட்டத்தில் மற்ற பல பாய்களை விட இது தோணியை முன்னே இழுக்கும் விசை கூடுதலாக இருந்தது. சாய்ந்த ஓரத்தில் காற்று சுருண்டு சுழியாகி, பாயின் மேலேயே ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. முக்கோண இறக்கை விமானங்களில் நடப்பதும் இதுதான்.

ஓடாவிமகன் (செவ்வாய், இரவு 8.50)

எல்லாரும் பாயையே பேசுறீங்க. கட்டை எதுல நிக்குதுன்னு யாரும் கேக்கலையே.

எங்க அப்பா தூத்துக்குடியில தோணி கட்டுன ஓடாவி. எங்க வேலையில ஆணி உண்டு, அதனால நான் சொல்றது ஓரளவுக்குத்தான். ஆனா இந்தக் கட்டையை மட்டும் ஆணி அடிச்சு நிறுத்த முடியாதுங்கிறது எனக்குத் தெரியும். ஏன்னா தோணி ஒரு அலையில ஏறும்போது கட்டை வேற அலையில இறங்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கம்பு முறுகிக்கிட்டே இருக்கும். ஆணியோ போல்ட்டோ போட்டா அந்த ஓட்டையைச் சுத்தி மரம் அரைஞ்சு விரியும், ஒருநாள் பிளந்துடும். கயிறு கொஞ்சம் விட்டுக் கொடுத்து மறுபடி இழுத்துக்கும். கட்டு தளர்ந்தா கண்ணுக்குத் தெரியும், கரையில வச்சு மாத்திக் கட்டிடலாம். ஆணி உள்ளுக்குள்ள துரு ஏறுறது யாருக்குத் தெரியும்?

கயிறுன்னா தென்னந்தும்புக் கயிறு. உப்புத் தண்ணிய அது தாங்குற மாதிரி பருத்தியெல்லாம் தாங்காது. மட்டையை மாசக்கணக்கா ஊறப்போட்டு, அடிச்சு, தும்பெடுத்துத் திரிக்கணும். பசிபிக் தீவுலயும் அதே தும்புதான், அங்க திரிச்சதைப் பின்னல் மாதிரி பின்னுறாங்கன்னு படத்துல பார்த்தேன். தென்னை இருக்கிற கரையில மனுசன் ஒரே மாதிரிதான் யோசிப்பான் போல.

அண்ணே, பொம்மைக்கு எதுல கட்டுனீங்க?

தருவைக்காரன் (செவ்வாய், இரவு 9.15)

ஃபெவிகால்.

ஓடாவிமகன் (செவ்வாய், இரவு 9.16)

நான் ஒண்ணும் சொல்லல.

தொண்டிக்காரி (புதன், காலை 10.30)

எங்கள் பக்கம் வத்தை என்று பலகைப் படகு உண்டு. பாக் நீரிணையில் பாய் விரித்து ஓடிய படகு. அதில் கட்டை கிடையாது. படகுக்குக் குறுக்கே நீளமான பலகையைப் போட்டு, காற்று வரும் பக்கம் வெளியே நீட்டிவிடுவார்கள். காற்று ஏறினால் ஆட்கள் அந்தப் பலகையில் ஏறி நுனிக்குப் போவார்கள். காற்று மாறினால் பலகையை மறுபக்கம் தள்ளிவிட்டு எல்லாரும் மாறி ஏற வேண்டும். தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி வைக்கும்போது இப்போதும் பார்க்கலாம், பலகையில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வருவார்கள். என் தாத்தா நுனி ஆள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று நினைத்திருக்கிறேன். திருப்புத்திறன் கணக்கைப் படித்த பிறகுதான் அவர் அங்கே எடைக்கல்லாக நின்றார் என்று புரிந்தது.

பழுப்பேடு (புதன், மதியம் 12.10)

சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் எழுதிய ஆய்வில் இந்தப் பலகையையும் பக்கக் கட்டையையும் சேர்த்துத்தான் பேசுகிறார். பசிபிக் செல்வாக்கு நம் கரைக்கு வந்தது என்று அவர் வாதம் போனது. அதை எல்லாரும் ஏற்கவில்லை. பலகையை அவர் கவனமாகப் பார்த்தார் என்பதற்காகவே அவருக்கு ஒரு வணக்கம்.

கடலைமிட்டாய் (புதன், மாலை 6.00)

புதுசா வந்தவ, திட்டாதீங்க. பாலித் தீவுல ரெண்டு பக்கமும் கட்டை வச்ச படகுல ஏறியிருக்கேன். அப்போ ஒண்ணு எப்பவும் எதிர்ப்பக்கம்தானே இருக்கும்? அது ஏன் முங்கல?

எஞ்சின்ரூம் (புதன், இரவு 11.40)

நல்ல கேள்வி. அது ஜூகுங். அங்கே எதிர்ப்பக்கக் கட்டை நிஜமாகவே மிதவை. மூங்கிலில் செய்வார்கள், மிதப்பு கூடுதல், கனம் குறைவு. தண்ணீரில் முங்கி இழுக்கத்தான் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். பதிலுக்குக் காற்று எந்தப் பக்கம் மாறினாலும் பயமில்லை, முனை மாற்றும் வேலையும் இல்லை. தீவுகளுக்கு நடுவே காற்று அடிக்கடி திரும்பும் கடலுக்கு அது வசதி. ஒரே திசையில் நாள்கணக்கில் காற்று வீசும் திறந்த பசிபிக்கில் ஒற்றைக் கட்டை. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் மந்தார் மக்களுடைய சாந்தெக் என்ற பாய்ப்படகிலும் இரண்டு கட்டைதான், ஆனால் காற்று ஏறினால் ஆட்கள் காற்றுப் பக்கக் கட்டை மேல்தான் ஏறி நிற்பார்கள். கடைசியில் மனித எடைதான்.

ஹவாயின் ஹோகுலேயா இரட்டை உடல் தோணி, இந்த வகை இல்லை. ஆனால் 1976-ல் அதைக் கருவி எதுவும் இல்லாமல் ஹவாயிலிருந்து தஹித்திக்கு வழிகாட்டிக் கொண்டுபோன மாவ் பியாலுக் ஒற்றைக் கட்டைத் தோணியில் வளர்ந்தவர். மைக்ரோனேசியாவின் சதவால் தீவு அவருடைய ஊர். ஹவாய்க்காரர்களிடம் அந்த வித்தை அற்றுப்போயிருந்தது, அதனால் இவரைத் தேடிப் போனார்கள். 2010-ல் இறந்தார். மாவ் ஊர்ப்பக்கத்து மக்களுடைய தோணி கட்டும் தொழிலையும் வழிகாட்டும் முறையையும் 2021-ல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

தருவைக்காரன் (சனி, மாலை 6.20)

ஃபெவிகாலைச் சுரண்டிவிட்டுத் தும்புக் கயிற்றைப் பிரித்து நூலாக்கிக் கட்டினேன். ஓடாவிமகனுக்கு நன்றி, இரண்டு நாள் விரல் எரிந்தது. கட்டை இப்போது காற்றுப் பக்கம். விசிறி 2-ல் தோணி தொட்டியின் குறுக்கே நேராக ஓடியது! கட்டை லேசாக எழும்பி, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் வந்தது. என் மனைவியே கீழேயிருந்து வந்து பார்த்தாள்.

ஒரு சந்தேகம் பாக்கி. பாய்மரத்துக்குக் கட்டைப் பக்கம் மட்டும் ஒரு கயிறு கட்டியிருக்கிறேன், படத்தில் அப்படித்தான் இருந்தது. பேரன் விசிறியைச் சுழல விட்டுவிட்டான். காற்று மறுபக்கத்திலிருந்து அடித்ததும் பாய் மரத்தோடு ஒட்டிக்கொண்டு, மரம் கட்டை மேலேயே விழுந்தது.

எஞ்சின்ரூம் (சனி, இரவு 7.45)

அதுதான் இந்தத் தோணிக்குப் பெரிய பயம். காற்று எப்போதும் ஒரே பக்கம் என்பதால் ஒரு பக்கக் கயிறு போதும், எதிர்ப்பக்கம் கயிறு இல்லாததால்தான் பாயைத் தடையில்லாமல் மறுமுனைக்கு எடுத்துப்போக முடிகிறது. ஆனால் காற்று கட்டைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துவிட்டால் அந்தக் கயிறு வெறுமனே தொங்கும். அதற்காக மரத்திலிருந்து கட்டைப் பக்கம் சாய்வாக ஒரு முட்டுக்கம்பு கொடுப்பார்கள். ஆன்சன் காலத்துப் படத்திலும் அந்தக் கம்பு இருக்கிறது. கயிறு இழுக்கும், கம்பு தள்ளும். இரண்டும் வேண்டும்.

தருவைக்காரன் (ஞாயிறு, மாலை 5.50)

ஐஸ்கிரீம் குச்சியில் முட்டுக்கம்பு வைத்தாயிற்று, மரம் நிற்கிறது. முனை மாற்றுவதைக் கையால் செய்து பார்த்தோம். எனக்கு நான்கு நிமிடம், பேரனுக்கு ஒன்றரை.

விசிறி 3-ல் கட்டை முழுக்க எழும்பிவிட்டது. பேரன் ஒரு பிளாஸ்டிக் சிப்பாயைக் கம்பின் மேல் நூலால் கட்டி 'ஓராள் காத்து' என்றான். போதவில்லை. இரண்டாவது சிப்பாய், அதுவும் போதவில்லை. இப்போது சிப்பாய்களுக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் உட்கார்ந்திருக்கிறது. படம் நாளைக்குப் போடுகிறேன், கைப்பேசி தொட்டியில் விழுந்துவிட்டது.